ஒன்பதாவது வாரத்தில் ஓர் ஓட்டுநர் தேர்வு

காலை ஐந்தே கால். கண் விழித்த ரைட்டு தலையைத் தூக்கவில்லை. படுத்தபடியே கையை மட்டும் நீட்டி, தலைமாட்டில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு இஞ்சி ரஸ்க்கை எடுத்துக் கடித்தாள்.

கடித்தாள் என்பதைவிடக் கொறித்தாள் என்பதே சரி. அணில் மாதிரி, ஓரம் ஓரமாக. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. பிறகுதான் எழுந்து உட்காருவது. உட்கார்ந்து ஐந்து நிமிடம் போன பின்புதான் கால் தரையில் படுவது.

போன வாரம் வரை இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. அலாரம் அடித்ததும் துள்ளி எழுவாள். அடுத்த நிமிடம் வாஷ்பேசினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆறு வருடமாக டவுன் பஸ்ஸின் பின்படியில் நின்று "ரைட், போலாம்!" என்று குரல் கொடுக்கும் கண்டக்டர் அவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் பழக்க தோஷத்தில் "ரைட்!" என்று கத்தி வைத்தாள். அன்றிலிருந்து மாமியாருக்கும் கணவனுக்கும், ஏன், தெருவுக்கே அவள் ரைட்டுதான்.

இன்று அந்தப் பின்படியிலிருந்து முன்சீட்டுக்குப் போகும் நாள். டிப்போவில் டிரைவர் பதவிக்குத் தேர்வு. கனரக லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கண்டக்டர்களிலிருந்து டிரைவர் எடுப்பது இப்போதுதான். இதை விட்டால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

வயிற்றில் ஒன்பது வாரம்.

சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை உள்ள போச்சு?"

"ரெண்டு, அத்தை."

"ரெண்டும் உள்ளயே இருக்கா?"

"இப்போதைக்கு இருக்கு. ரெண்டும் என்ன முடிவு பண்ணுதுன்னு பாப்போம்."

மாமியார் சிரிக்கவில்லை. தையல்காரி; வாயில் எப்போதும் குண்டூசி இருப்பது போலவே பேசுவார், இருக்கிற இடத்தில் இரண்டு சொல். "தண்ணி இப்ப வேணாம். அரை மணி கழிச்சு, ஒவ்வொரு வாயா."

இந்தக் கணக்கெல்லாம் டாக்டரம்மா சொன்னது. போன திங்கட்கிழமை ரைட்டு கேட்டாள், "மருந்து இல்லாம சமாளிக்க முடியுமா டாக்டர்?" என்று.

"முதல்ல அப்படியே முயற்சி பண்ணுங்க. வயிறு காலியாவும் இருக்கக் கூடாது, நிரம்பவும் கூடாது. ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி. சூடா இருந்தாதான் வாசனை கிளம்பும், ஆற வெச்சுச் சாப்பிடுங்க. இஞ்சிக்குக் குமட்டல் அடங்கும், அளவோட. நல்லாத் தூங்குங்க." பிறகு டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா தண்ணிகூடத் தங்கலன்னா, மூத்திரம் கறுத்துப் போச்சுன்னா, எடை இறங்கினா, கைவைத்தியம் பண்ணிட்டு வீட்ல உக்காந்திருக்கக் கூடாது. நேரா இங்க வரணும். அதுக்கு மருந்து இருக்கு, பயப்படாம சாப்பிடலாம்."

பஸ் ஓட்டும் தேர்வைப் பற்றிச் சொன்னபோது மூன்று கேள்வி கேட்டார். தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, மயக்கம் வந்ததா? மூன்றுக்கும் இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார். ஓட்டத் தடையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ரைட்டு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டாள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாள், எது குமட்டியது. நாலே நாளில் எதிரிகள் யார் யாரென்று தெரிந்துவிட்டது. முதல் எதிரி காலி வயிறு. இரண்டாவது, பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்கிற வாசம். மூன்றாவதை எழுத அவளுக்கே சங்கடமாக இருந்தது.

மூன்றாவது, கணவன்.

அவன் பேக்கரி மாஸ்டர். வெண்ணெயும் வெனிலாவும் அவன் தோலிலேயே ஊறிப்போனவை. அந்த வாசத்துக்காகவே அவனைக் கட்டிக்கொண்டதாக ரைட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். இப்போது அவன் வாசலில் செருப்பைக் கழற்றினாலே இவளுக்கு அடிவயிறு புரண்டது. பாவம், அவன் கோபித்துக்கொள்ளவில்லை. வாசனையில்லாத சோப்பில் குளித்தான். ஹாலில் பாய் போட்டுப் படுத்தான். இனிப்பில்லாமல், வெண்ணெயில்லாமல் இஞ்சி ரஸ்க் சுட்டுப் பார்த்தான். ஏழு தடவை கல்லாகவும் கரியாகவும் வந்தது. எட்டாவதுதான் இந்த டப்பாவில் இருப்பது.

இவ்வளவு செய்தவன் இன்று விடிகாலை நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது, அரைத்தூக்கத்தில் கண் திறந்து பார்த்தவளிடம் "நல்லா ஓட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது மட்டும் முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

கிளம்பும் நேரத்துக்கு எதிர் வீட்டம்மா ஒரு டம்ளருடன் வந்தார். பச்சையாக, கொழகொழவென்று.

"இதைக் குடி. ஒரே மடக்கு. எல்லாம் இயற்கை. வாந்தி நின்னு போகும்."

"என்ன இலை இது?" என்று மாமியார் கேட்டார்.

"பேரு தெரியல. எங்க ஓரகத்தி குடுத்தா."

"ஓரகத்திக்குத் தெரியுமா?"

"அவளுக்கும் யாரோ குடுத்ததுதான்."

மாமியார் டம்ளரை மரியாதையாக வாங்கினார். எதிர் வீட்டம்மாவின் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் மரியாதையாகவே தொட்டியில் ஊற்றினார். "பேரு தெரியாத ஆளை வீட்டுக்குள்ளயே விடமாட்டோம். வயித்துக்குள்ள விடுவாங்களா?"

பிறகு இடுப்பிலிருந்து எதையோ எடுத்து, "கையை நீட்டு" என்றார். இரண்டு எலாஸ்டிக் பட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டு பட்டன் வைத்துத் தைத்திருந்தார். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, உள்பக்கம், இரண்டு நரம்புக்கு நடுவில் பட்டன் அழுந்துகிற மாதிரி மாட்டிவிட்டார்.

"கிளினிக்ல நர்ஸ் மாட்டியிருந்ததைப் பாத்து அளவெடுத்தேன். சிலருக்குக் கேக்குமாம், சிலருக்குக் கேக்காதாம். கெடுதல் இல்லையாம்."

"அத்தை, நீங்க எங்க செருப்பு போடறீங்க?"

"நானும் வர்றேன். கடையை இன்னைக்குத் திறக்கல. ஒரு ஜாக்கெட் ஒருநாள் லேட்டானா யாரும் செத்துப் போகமாட்டாங்க."

டிப்போ வாசலிலேயே டீசல் வாசம் மூஞ்சியில் அடித்தது. ரைட்டு கைப்பையிலிருந்து பாதி எலுமிச்சையை எடுத்து மூக்கருகே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அறிவிப்புப் பலகையில் பதினோரு பெயர்கள். மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள். அவள் பெயர் இல்லை. ஐந்தாவது பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருந்தது அவள்தான்.

மேனேஜர் அறைக்குள் போனாள். மாமியார் பின்னாலேயே போனார்.

"சார், என் பேரை அடிச்சிருக்கு."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்து ஆச்சரியப்பட்டார். "நீ ஏம்மா வந்தே? உடம்பு முடியல, தள்ளிப் போடுங்கன்னு நேத்து சாயங்காலம் உன் வீட்டுக்காரர்தானே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாரு? விஷயத்தையும் சொன்னாரு. சந்தோஷம். போய் ரெஸ்ட் எடு."

ரைட்டுக்கு வாய்க்குள் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் வருமே, அந்த எச்சில். இடது மணிக்கட்டின் பட்டனை வலது கட்டை விரலால் அழுத்திக்கொண்டாள். மூக்கால் மெதுவாக இழுத்து, வாயால் விட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. இப்போது அழக் கூடாது, வாந்தியும் எடுக்கக் கூடாது. இரண்டில் எது வந்தாலும் அந்தச் சிவப்புக் கோடுதான் சரியென்று ஆகிவிடும்.

"அந்த லெட்டர்ல என் கையெழுத்து இருக்கா சார்?"

"இல்ல. அவரோடது."

"தேர்வுக்கு மனு போட்டது அவரா?"

மேனேஜர் பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். ரைட்டு டாக்டர் சீட்டை மேசை மேல் வைத்தாள்.

"ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. முடியாதுன்னா நானே வந்து சொல்லியிருப்பேன். ஆறு வருஷத்துல ஒருநாள்கூட நான் சொல்லாம லீவு எடுத்ததில்ல, உங்களுக்கே தெரியும்."

"புருஷன் எழுதிக் குடுத்திருக்காரேம்மா..."

"அவன் என் பிள்ளைதான்" என்றார் மாமியார், முதல் முறையாக வாயைத் திறந்து. "அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிஞ்சவகிட்ட பேசுங்க."

கதவருகே யாரோ செருமினார்கள். தேர்வு எடுக்க வந்த அதிகாரி. தடித்த கண்ணாடிக்காக டிப்போவில் அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர். ஐந்தில் நான்கு பேரைத் தயங்காமல் திருப்பி அனுப்புகிறவர் என்பது அவரைப் பற்றிய இன்னொரு தகவல். டாக்டர் சீட்டைக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்து இரண்டு முறை படித்தார்.

"வழியில முடியாம போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஓரங்கட்டுவேன் சார். இறங்குவேன். சரியானா எடுப்பேன். சரியாகலன்னா சாவியை உங்க கைல குடுப்பேன்."

"கடைசியா வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார்.

கடைசி என்றால் மூன்று மணி நேரம். ஷெட்டுக்கு வெளியே, காற்று வரும் பக்கம் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மணிக்கு ஒரு தடவை மாமியார் டப்பாவைத் திறந்தார். கொஞ்சம் வெள்ளரித் துண்டு. ஒரு ரஸ்க். குளிர்ந்த தண்ணீர் இரண்டு வாய்.

"அத்தை, அவர் இப்படிப் பண்ணுவாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நேத்தே காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்." மாமியார் டப்பாவை அழுத்தி மூடினார். "இப்ப அவனை நினைக்காதே. வண்டியை நினை."

பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். ரைட்டு டயர்களைச் சுற்றிப் பார்த்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், காற்றழுத்த முள் ஏறும் வரை காத்திருந்தாள். உள் கண்ணாடியில் ஒரு வாசனை அட்டை ஆடிக்கொண்டிருந்தது. தித்திப்பான, மண்டையைப் பிளக்கிற வாசம். நோட்டில் நான்காவது எதிரி.

"சார், இதைக் கழட்டிக்கலாமா?"

சோடாபுட்டி வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரைட்டு ஜன்னலை முழுதாகத் திறந்தாள்.

தேர்வுக்காக வரிசையாக நிறுத்தியிருந்த பீப்பாய்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்தது சுத்தமாக முடிந்தது. ரோட்டில் இறங்கியதும் ஓர் அதிசயம். ஸ்டியரிங் கையில் இருக்கும்வரை வயிறு பேசாமல் இருந்தது. பின்படியில் நின்றால் ஒவ்வொரு வளைவும் குடலைப் பிடித்து இழுக்கும். இங்கே எந்த வளைவு எப்போது வரும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. பார்வை தூரத்து ரோட்டில் நின்றது. ஒரு நிமிடம் அவள் கர்ப்பத்தையே மறந்தாள்.

மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எடுத்தாள், ஓரடிகூடப் பின்னால் உருளாமல். மேட்டின் உச்சியில்தான் ஒரு குப்பை லாரி குறுக்கே வந்து, அவளுக்கு முன்னால் நத்தையாக ஊர்ந்தது.

வாசம் ஜன்னல் வழியாக அலையாக வந்தது. பட்டனை அழுத்தியும் குமட்டல் அடங்கவில்லை. மூச்சை இழுத்து விட்டும் அடங்கவில்லை. முன்னே வளைவு, அங்கே நிறுத்தக் கூடாது. அடுத்து பஸ் ஸ்டாப், அங்கேயும் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு வளைவைத் தாண்டினாள், ஸ்டாப்பைத் தாண்டினாள், கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், அகலமான ஓரத்தில் வண்டியை நேராக நிறுத்தினாள். நியூட்ரல். ஹேண்ட்பிரேக். நாலு பக்கமும் எச்சரிக்கை விளக்கு.

"சார், அஞ்சு நிமிஷம்."

ரோட்டைப் பார்க்காத பக்கமாக இறங்கி, கையோடு கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டாள். வந்தது, போனது. வாயைக் கொப்பளித்தாள். வெயிலில் நின்று லாரி கண்ணிலிருந்து மறையும்வரை காத்திருந்தாள். தலை தெளிவாக இருக்கிறதா என்று தன்னையே இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். பாதி ரஸ்க்கைக் கொறித்தாள். திரும்பி ஏறி சீட் பெல்ட்டைப் போட்டாள்.

"முடியுமா?" என்றார் சோடாபுட்டி.

"முடியலன்னா சாவி உங்க கைல இருக்கும் சார்."

டிப்போவுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியபோது அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

"வளைவுல நிறுத்தல, ஸ்டாப்புல நிறுத்தல" என்றார் அவர், தாளைப் பார்த்தபடி. "இறங்கும்போது பிரேக் போட மறக்கல. உங்களுக்கு முன்னாடி ஓட்டினவன் ஒரு தும்மலுக்கு ரெண்டு கையையும் ஸ்டியரிங்லேருந்து எடுத்துட்டான்." கையெழுத்துப் போட்டார். "பாஸ். வேலையில சேர்றதுக்கு முன்னாடி மறுபடி டாக்டர் சீட்டு வேணும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார், மருமகளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். எழுந்து வந்து அவள் நெற்றி வியர்வையை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். வலிக்கிற மாதிரி துடைத்தார்.

"அடுத்து எங்க?" என்றார்.

"பேக்கரிக்கு."

பேக்கரிக்கு எதிர் நடைபாதையிலேயே ரைட்டு நின்றுவிட்டாள். அதற்கு மேல் ஓரடி வைக்க முடியாது. அடுப்பிலிருந்து புதிதாக ஏதோ இறங்கியிருந்தது. மாமியார் மட்டும் ரோட்டைக் கடந்து உள்ளே போனார். "வெளிய வாடா" என்ற குரல் இந்தப் பக்கம்வரை கேட்டது.

அவன் ஏப்ரனோடு வந்தான். கைகளைக் கழுவியிருந்தான். பழக்கத்தில், அவளுக்கு நான்கடி தள்ளி நின்றுகொண்டான்.

"பாஸ் பண்ணிட்டேன்" என்றாள் ரைட்டு.

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகுதான், அவள் டிப்போவுக்குப் போனதும் எல்லாம் தெரிந்துவிட்டதும் அவனுக்கு உறைத்தது.

"பயமா இருந்துச்சு" என்றான். "போன வருஷமும் பத்தாவது வாரத்துலதானே கலைஞ்சுது... அன்னைக்கும் நீ டியூட்டியில இருந்தே. படியில நின்னுக்கிட்டு..."

"அதுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னாங்க. நான் நம்பினேன். நம்பினதாலதான் மறுபடி எழுந்து நின்னேன்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க நம்பலன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். பயத்தை என்கிட்ட குடுக்காம மேனேஜர்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

"சொன்னா நீ கேக்கமாட்டே."

"கேட்டிருப்பேன். கேட்டுட்டுப் போயிருப்பேன். அது வேற."

மாமியார் பக்கத்துக் கடைப் பலகையைப் படிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எட்டு தடவை ரஸ்க் சுட்டீங்க" என்றாள் ரைட்டு. "இன்னைக்கு நான் நின்னதே அதாலதான். அதைச் செஞ்ச அதே கைதான் லெட்டரும் எழுதிச்சுன்னு நினைச்சா எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. வெள்ளிக்கிழமை ஸ்கேன். உங்க பயத்தோடவே வாங்க, பரவால்ல. ஆனா எனக்குத் தெரியாம இன்னொரு தடவை..."

"ரைட்டு." அவன் குறுக்கிட்டான். நெற்றியில் மாவு வியர்வையோடு வழிந்தது. "நான் எழுதினது ஒரு லெட்டர் இல்ல. ரெண்டு."

மாமியார் சட்டென்று திரும்பினார்.

"ரெண்டாவது ஹெட் ஆபீசுக்கு. டிரைவர் வேலை வேணாம், என்னை ஆபீஸ் வேலைக்கு மாத்துங்கன்னு நீயே கேக்கற மாதிரி. ரொட்டி வாங்க வர்ற அந்த ஆபீஸ் கிளார்க் கைல காலைல குடுத்தேன்."

"அதுல யார் கையெழுத்து?"

அவன் தன் விரல் நகங்களைப் பார்த்தான். "உன்னுது மாதிரி போட்டேன்."

மாமியாரின் கை தானாக வாய்க்குப் போனது. ரைட்டு குமட்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தலை, மேட்டில் வண்டி எடுத்தபோது இருந்தது போல் தெளிவாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபது.

"ஹெட் ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"அஞ்சு."

"ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டு, முதலாளிகிட்ட சொல்லிட்டு வாங்க. நீங்க போட்ட கையெழுத்து, நீங்களே வந்து சொல்லணும்."

"வேலை போயிடுமோன்னு..."

"யாருக்கு? எனக்கா, உங்களுக்கா, அந்தக் கிளார்க்குக்கா? போற வழியில யோசிக்கலாம்."

தெருமுனையில் பஸ் திரும்பியது. ரைட்டு கையை நீட்டி நிறுத்தினாள்.

"அத்தை, நீங்க என்கூட முன்னாடி ஜன்னலோரம் வாங்க" என்றவள், ஏப்ரனைக் கடையில் போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடி வந்த கணவனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "நீங்க கடைசி சீட்டு. காத்து அந்தப் பக்கம்தான் போகுது."